தரை துடைத்த திருடன்

அத்தியாயம் 7

என் மனைவி இன்னொரு ஆணின் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுவதை நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அன்று காலை எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை.

வேலை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் துப்பறிகிறவள், நான் அவளுக்கு உதவியாளன். வேலை நேரத்தில் நான் அவளை 'மேடம்' என்று கூப்பிட வேண்டும், அவள் என்னை 'என்னங்க' என்று கூப்பிடக்கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. அதை நான் மட்டும்தான் காப்பாற்றி வருகிறேன்.

பேசிக்கொண்டிருந்தவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். அவருக்கு நான் வைத்த பெயர் சரித்திரம். நல்ல உயரம், பாதி நரைத்த தாடி, வானொலியில் செய்தி வாசிக்கலாம் போன்ற குரல். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் அவருக்கு வைத்துவிட்டு மற்ற இரண்டையும் கடவுள் எனக்குக் கொடுத்திருக்கலாம்.

"சர்ச்சுப் பங்குன்னா ஜெபமும் பாட்டும் மட்டும் இல்லீங்க," என்றார் சரித்திரம். "அந்தக் காலத்துல ஊர்ப் பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், கல்லறை எல்லாமே பங்குக்குள்ளதான். புதுசா குடியேறினவங்க முதல்ல ஒரு கோயிலைக் கட்டுவாங்க. அதைச் சுத்தி வீடு வரும். வீடு பெருகினதும் தள்ளி இருக்கிறவங்க எங்களுக்குத் தனியா ஒரு கோயில் வேணும்பாங்க. கட்டிக்கலாம், மணியும் அடிச்சுக்கலாம். ஆனா இந்தப் பக்கத்து வழக்கப்படி, புள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும்னா தாய்க்கோயிலுக்குத்தான் தூக்கிட்டு வரணும். ஞானஸ்நானத் தொட்டி எங்க இருக்கோ, அங்கதான் ஊர் ஆரம்பிச்சுது."

"அடடா!" என்றாள் என் மனைவி.

எனக்குத் தெரிந்து அவள் கடைசியாக என்னிடம் 'அடடா' சொன்னது, நான் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது.

காணாமல் போயிருந்தது அந்தத் தொட்டிதான். ஆற்றங்கரையில் ஒரு கோயில், அரை மணி நடந்தால் மேட்டின் மேல் இன்னொரு கோயில். இரண்டுக்கும் சேர்த்து இப்போது ஒரே பங்குத்தந்தை. கூட்டம் குறைந்துவிட்டதால் இரண்டில் ஒன்றை மூடிவிடுவதென்று பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் முடிவு செய்துவிட்டார்கள். எது பழையதோ அது நிற்கும், மற்றதற்குப் பூட்டு. அதைப் பார்த்துச் சொல்ல மூன்று பேர் இன்று மதியத்துக்குள் வருகிறார்கள்.

ஆற்றங்கரைக்காரர்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கல்தொட்டி. 'அது எங்களுடையது, ரிப்பேருக்குக் கீழே கொண்டுபோய் நீங்களே அமுக்கிக்கொண்டீர்கள்' என்று மேட்டுக்காரர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அவர்களிடம் இருப்பது சிமெண்ட் தொட்டி. ஒரு சிமெண்ட் தொட்டியால் இரண்டு ஊர் சம்பந்தம் பேசாமல் போயிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையடிக்க வந்த கொத்தனார் நேற்று அந்தக் கல்தொட்டியைப் பீடத்திலிருந்து பெயர்த்து ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார். காலையில் வந்தால் சாக்கும் இல்லை, தொட்டியும் இல்லை.

"மேட்டுக்காரங்கதான் எடுத்தாங்கன்னு என் வாயால நான் சொல்ல மாட்டேன்," என்றார் பங்குத்தந்தை. இரண்டு கோயிலுக்கும் சைக்கிளில் அலைந்து இளைத்துப்போன மனிதர். "ஆனா அப்படித்தான்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. போலீசுக்குப் போனா நாளைக்கே ரெண்டு பக்கமும் மண்டை உடையும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். நான் ரோட்டுல போய் அவங்க மூணு பேரையும் கொஞ்சம் பேசிப் பிடிச்சு வைக்கிறேன். சாரும் வந்தா நல்லா இருக்கும்."

சரித்திரம் போக மனமில்லாமல் போனார். போகிறபோது என் மனைவியைப் பார்த்து, "நீங்க ரொம்ப கூர்மையா கேக்கறீங்க," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மேடம், கேஸ் முடிஞ்சுது," என்றேன். "எடுத்தது தாடிதான்."

"ஏன்?"

"புத்தகம் போடப் போறார். தொட்டி காணாமப் போனா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா புத்தகம் விக்கும். அதுவும் இல்லாம அந்தச் சிரிப்பே சரியில்ல."

"என்னங்க, உங்களுக்கு வயிறு எரியுது."

"காலையில சாப்பிடல, அதான்."

அவள் அதற்குமேல் என்னைக் கண்டுகொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வெறுங்காலோடு நடந்தாள். சுண்ணாம்புத் தூள் எல்லா இடத்திலும் மெல்லப் படிந்திருந்தது, பெஞ்சுகளின் மேல், படிக்கட்டில், தரையில். அவள் கால் வைத்த இடமெல்லாம் தடம் விழுந்தது. தொட்டி இருந்த பீடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தடம் விழுவது நின்றுபோனது.

"இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். தொட்டி இருந்த இடத்திலிருந்து ஒரு பாய் அகலத்துக்குத் தரை பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் தூள், நடுவில் மட்டும் முகம் பார்க்கலாம்.

"எந்தத் திருடன் போகும்போது தரையைத் துடைச்சிட்டுப் போவான்?" என்றாள்.

"நல்லா வளர்க்கப்பட்ட திருடன்."

"ஈரச் சாக்கைக் கீழ விரிச்சு, சோப்புத் தண்ணி ஊத்தி, கனமான சாமானை அது மேல வச்சு இழுத்திருக்காங்க. இழுத்த தடத்தை அப்படியே விட மனசு வராம துடைச்சும் விட்டிருக்காங்க. வீட்டுல பீரோவை நான் அப்படித்தான் நகர்த்துவேன்."

"நான் பாத்ததே இல்லையே."

"நான் பீரோவை நகர்த்தறப்ப எல்லாம் உங்களுக்கு வெளியில வேலை வந்துரும்."

சாட்சி பலமாக இருக்கும்போது எதிர்வாதம் செய்வது புத்திசாலித்தனம் அல்ல.

அப்போது கோயில்பிள்ளை வந்து நின்றார். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, கதவு திறந்து பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. பேசுவதற்கு முன் அந்தச் சாவிக்கொத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"இந்த இடத்தை யாருங்க துடைச்சது?" என்று கேட்டாள் என் மனைவி.

சாவியைத் தொட்டார். "நான்தாம்மா. காலையில."

"இவ்வளவு மட்டுமா?"

"தண்ணி தீந்துபோச்சு."

கோயிலுக்குப் பின்னால் ஆறு கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்டது.

என் மனைவி சிரிக்கவில்லை. பளிச்சென்ற தரையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாசல் மேற்கே இருக்கிறது, தடமோ கிழக்கே பலிபீடத்தை நோக்கிப் போகிறது. தொட்டி வெளியே போகவே இல்லை!

"எனக்கும் கொஞ்சம் தண்ணி வேணுமே," என்றாள் அவள். "வீடு பின்னாலதானே?"

"நீங்க இருங்கம்மா, நான் கொண்டு வரேன்."

"பரவாயில்ல, நானே வரேன்."

"வீடு கலைஞ்சு கிடக்கும்மா."

"எங்க வீட்டை நீங்க பாத்ததில்ல," என்றேன் நான். இந்த ஒரு விஷயத்தில் என்னால் உண்மையாக உதவ முடிந்தது.

கோயில் சுவரோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறை வீடு. கலைந்தெல்லாம் கிடக்கவில்லை. தரையில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். கோயில்பிள்ளையின் மனைவி ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், கணவரைப் பார்த்ததும் திரும்பவும் உட்கார்ந்துகொண்டாள்.

"தொட்டி போனதுல அவருக்கு ரொம்ப வருத்தமா இருக்கும் இல்லையா?" என்று ஆரம்பித்தாள் என் மனைவி.

"அவரைக் கேளுங்க. அவருக்கு வாழ்க்கையே அங்கதான். நான் இங்க சும்மா குடியிருக்கேன்."

"ஏம்மா…" என்றார் கோயில்பிள்ளை.

"பொய்யா சொல்றேன்? மக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கிடந்தா. இவர் வரல. ஏன்னு கேளுங்க. மணி அடிக்க ஆள் இல்லையாம். மருமகன் கேட்டாரு, மாமா எங்கன்னு. மணிக்கூண்டுல இருக்காருன்னு சொன்னேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?" துணியை உதறினாள். "மக வாங்க வாங்கன்னு கூப்பிடறா. தனி ரூம் வச்சிருக்கா. இந்தக் கோயிலை மூடினாத்தான் இவரு அசைவாரு."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் மனைவி எதையும் கவனிக்காதவளைப் போலத் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஆனால் அவள் கண் குடத்தில் இல்லை, குடத்தை வைத்திருந்த முக்காலியில் இருந்தது. அந்த வீட்டில் எல்லாமே பழையது, மங்கியது. முக்காலி மட்டும் கடைந்தெடுத்த கால்களோடு, தங்கப் பூச்சோடு, வந்த விருந்தாளியைப் போலத் தனியாக நின்றது.

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் கோயிலுக்கு வாங்க," என்றாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

கோயிலுக்குள் பலிபீடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பூ ஜாடிகள் இருந்தன. இரண்டின் கீழேயும் தரை வரைக்கும் வெள்ளைத் துணி தொங்கியது.

"என்னங்க, அந்த இடது பக்கத்து ஜாடி மேல கையை ஊனுங்க."

ஊன்றினேன். துணிக்குள் இருந்த மர முக்காலி கிடுகிடுவென்று ஆடியது. ஜாடித் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

"இப்ப வலது பக்கம்."

ஊன்றினேன். ஆடவில்லை. முழு எடையையும் போட்டேன். மதில் மேல் சாய்ந்தால்கூடக் கொஞ்சம் அசையும், இது அசையவில்லை.

"இந்தப் பக்கத்து முக்காலி உங்க வீட்டுல குடத்தைச் சுமந்துட்டு இருக்கு," என்றாள் என் மனைவி அந்த அம்மாவிடம். "அப்போ இந்த ஜாடியைச் சுமக்கிறது யாரு?"

நானே துணியைத் தூக்கினேன். வாய் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்த கல்தொட்டி. காலையிலிருந்து இந்தக் கோயிலுக்குள் வந்தவர்கள் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். ஒருவர் அதன் முன்னால் முழங்கால் போட்டு, தொட்டி திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அழுதே ஜெபித்தாராம்.

அதைவிட ஆச்சரியம், கல் புதிதாகக் குளித்ததைப் போல இருந்தது. அடியில் தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருந்த காரை முழுக்கப் போயிருந்தது. திருடி ஒளித்து வைக்கிற பொருளையும் கோயில்பிள்ளையின் மனைவி மணலும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள்! அழுக்கோடு ஒளித்துவைக்க அவளுக்குக் கை வரவில்லை.

அந்த அம்மா மறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமா, நான்தான். எனக்கு ஒரு சக்களத்தி இருந்திருந்தா தலைமுடியைப் பிடிச்சு நடு ரோட்டுல இழுத்துப் போட்டிருப்பேன். இது கட்டடம். எதைப் பிடிச்சு இழுக்கிறது? கல்யாணமானதுலேருந்து இவரு விடியறதுக்கு முன்னாடி எழுந்து இதுகிட்டதான் போறாரு. மழை பேஞ்சா வீடு ஒழுகுதான்னு பாக்க மாட்டாரு, இது ஒழுகுதான்னு பாக்க ஓடுவாரு. மூடட்டும்னுதான் இவரு தூங்கறப்ப சாவியை எடுத்துச் செஞ்சேன். மூடினாலாவது என் பக்கம் திரும்புவாருன்னு."

பொறாமையில் நான் ஒரு தாடியைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். இவள் ஒரு கல்லோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, கொஞ்சம் மரியாதைதான் வந்தது.

என் மனைவி இப்போது கோயில்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இதை எப்போ பாத்தீங்க?"

அவர் கை சாவிக்குப் போனது. பிறகு அதை விட்டுவிட்டார்.

"காலை மணிக்கு வந்தப்பவே பாத்துட்டேன்மா. ஜாடி எப்பவும் இருக்கிறதை விட நாலு விரல் தாழ இருந்துச்சு. தரையும் அப்படி இருந்துச்சு. அப்படித் துடைக்க இந்த ஊருல ஒரு ஆளுதான் உண்டு."

"அப்புறம் ஏன் நீங்க துடைச்சதா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

கோயில்பிள்ளையின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? அந்த மூணு பேரும் வந்து தொட்டி இல்லைன்னு பாத்தா உங்க கோயிலை மூடிருவாங்களே?"

"மூடட்டும்."

"மூடட்டுமா?"

"உன்னை ஊரு திருடின்னு பேசறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவருடைய தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இதை வாயைத் திறந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா நான் இந்தக் கல்லைத் தொட்டிருப்பேனா? ராத்திரி பூரா இடுப்பு விட்டுப் போச்சு எனக்கு!" பிறகுதான் கண் கலங்கியது. அதையும் முந்தானையால் உடனே துடைத்துவிட்டாள். "நிக்காதீங்க. சாக்கைக் கொண்டாங்க. அவங்க வர்றதுக்குள்ள எடுத்த இடத்துல வைக்கணும். தம்பி, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

தம்பி நான்தான். ஜாடியை இறக்கி, துணியை எடுத்து, கல்லைச் சாய்த்தோம். என் முதுகில் ஏதோ ஒன்று தன் பழைய இடத்தை விட்டுக் கிளம்பியது. கல் பக்கவாட்டில் சரிந்து சாக்கின் மேல் படுத்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பங்குத்தந்தை, அந்த மூன்று பேர், பின்னால் சரித்திரம்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். நான் கல்லைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"இங்க அடியில கயிறு அறுத்த மாதிரி சுத்திலும் தடம் இருக்கு."

சரித்திரம் தாடியோடு தரையில் விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் அந்தத் தடத்தைத் தடவினார். கல்லின் அடிப்பாகத்தைச் சுற்றி விரல் நுழையும் ஆழத்துக்கு இரண்டு பள்ளங்கள் தேய்ந்திருந்தன. இத்தனை காலமும் அவை காரைக்குள் இருந்திருக்கின்றன.

"இது படகு கட்டின கல்லு!" அவருடைய செய்தி வாசிக்கும் குரல் உடைந்து போயிருந்தது. "முதல்ல வந்தவங்க ஆத்து வழியாதான் வந்திருக்காங்க. கரையில இந்தக் கல்லுலதான் படகைக் கட்டியிருக்காங்க. இந்த ஆழத்துக்குத் தேயணும்னா எத்தனை வருஷம் கட்டியிருக்கணும்! அப்புறம் இங்கயே தங்கி, கோயில் கட்டி, முதல் குழந்தை பிறந்ததும் அதே கல்லைத் திருப்பிக் குடைஞ்சு தொட்டியாக்கியிருக்காங்க."

மூன்று பேரில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார். "மேட்டுல படகு கட்ட முடியுமா?"

"மேட்டுல மாட்டைக் கட்டலாம்," என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததோடு ஆற்றங்கரைக் கோயில் பிழைத்தது. மற்ற இருவரும் குனிந்து அந்தப் பள்ளத்தில் ஆளுக்கு ஒரு விரலை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார்கள். சரித்திரம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இது எங்க இருந்துச்சு? யார் எடுத்தது?" என்று பங்குத்தந்தை என் மனைவியிடம் காதோடு கேட்டார்.

"திருட்டே நடக்கல ஃபாதர். கழுவறதுக்கு நகர்த்தியிருக்காங்க. பளபளன்னு இருக்கு பாருங்க. அவங்க தேய்ச்சுக் கழுவலைன்னா அந்தத் தடம் வெளியவே வந்திருக்காது."

பங்குத்தந்தை அவளைப் பார்த்தார், கோயில்பிள்ளையைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் ஊர்ப் பாவமெல்லாம் கேட்டுப் பழகியவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த மூன்று பேரும் கிளம்பிப் போன பிறகு கோயில்பிள்ளை முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கோயில் நின்னுருச்சு ஃபாதர். அது போதும் எனக்கு. நாங்க மக வீட்டுக்குப் போறோம். வேற ஆள் பாத்துக்குங்க."

கோயில்பிள்ளையின் மனைவி அந்தச் சாவிக்கொத்தையே பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"போய்ட்டு வாங்க, நல்லா இருங்க," என்றார் பங்குத்தந்தை, சாவியை வாங்கிக்கொண்டு. "ஆளுக்குப் பஞ்சமில்ல. டவுன்ல ஒரு புருஷன் பொண்டாட்டி வேலை கேட்டுட்டே இருக்காங்க. அந்தம்மா ரொம்ப சுத்தம்னு சொல்றாங்க. அவங்க துடைச்சா தரை கண்ணாடி மாதிரி இருக்குமாம்."

சிரிப்பு நின்றது.

"யாரு அவ?"

"ஏம்மா?"

"யாரு அவன்னு கேட்டேன். கண்ணாடி மாதிரியா? இந்தத் தரையில எந்தக் கல்லுல வெடிப்பு இருக்கு, எந்த மூலையில தண்ணி நிக்கும், எங்க உப்பு பூக்கும், அவளுக்குத் தெரியுமா? சோப்பைக் கொட்டி நாசம் பண்ணிருவா. நான் இத்தனை வருஷம் முட்டி தேயத் தேய்ச்ச தரை இது. எவளோ ஒருத்தி வந்து அவ தரைன்னு சொல்லிட்டுத் திரிவாளா?"

பங்குத்தந்தையின் கையிலிருந்து சாவிக்கொத்தை அவளே பிடுங்கிக்கொண்டாள்.

"அப்போ மக வீடு?" என்றார் கோயில்பிள்ளை.

"போவோம். ரெண்டு வாரம் போவோம். பூட்டிட்டுப் போவோம்." சாவியைத் தன் முந்தானையில் முடிந்து, இடுப்பில் இறுக்கமாகச் செருகிக்கொண்டாள். "சாவி இனிமே என்கிட்டதான் இருக்கும். கோயிலுக்குப் போகணும்னா என்கிட்ட கேட்டுட்டுப் போங்க."

அவர் பங்குத்தந்தையைப் பார்த்தார். பங்குத்தந்தை கூரையைப் பார்த்தார்.

"மதிய மணிக்கு நேரமாச்சு," என்றார் கோயில்பிள்ளை, மிகவும் மரியாதையாக. "மணிக்கூண்டைத் திறந்து விடறியாம்மா?"

அவள் அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"முதல்ல வந்து என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க."

அன்று அந்த ஊரில் மதிய மணி வெகு நேரம் கழித்துத்தான் அடித்தது.